வட்டமும் திரையும்: புழலிலிருந்து பார்க்கும் குழு மனநலச் சிகிச்சையின் வரலாறு

பதற்ற நோய்க்கான குழுச் சிகிச்சை என்பது, பயத்தால் அவதிப்படும் ஆறு முதல் பத்துப் பேர், பயிற்சி பெற்ற ஒருவரின் வழிகாட்டுதலில் வாரந்தோறும் கூடி, பேசியும் பழகியும் அந்தப் பயத்தைக் குறைத்துக்கொள்ளும் முறை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மருத்துவமனை அறையில் தொடங்கிய இது, 1959-க்குப் பிறகு தொலைக்காட்சித் திரைக்கும், 2020-இல் கைபேசித் திரைக்கும் வந்து சேர்ந்தது. நேரில் கூடுவது நல்லதா, திரையில் கூடுவது போதுமா என்ற கேள்விக்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் வயதாகிவிட்டது. சிகிச்சைக்குப் பின் பயம் எவ்வளவு குறைந்தது என்பதை ஆய்வுகள் அளந்து சொல்கின்றன. யாரால் வந்து உட்கார முடிந்தது, யாரால் மனம்விட்டுப் பேச முடிந்தது என்பதை அறிய ஊரைத்தான் பார்க்க வேண்டும். வடசென்னையில் அதற்கு ஏற்ற ஊர் புழல். மதிலைத் தாண்ட முடியாத கைதிகள், தனியறை இல்லாத ஈழத்தமிழ்க் குடும்பங்கள், வேலையை விட்டு வர முடியாத தொழிலாளர்கள் என்ற மூன்று தரப்பினரும் இங்கே அருகருகே வாழ்கிறார்கள்.

புழல் என்ற ஊர்

பழைய தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களில் புழல் கோட்டமும் ஒன்று. ஊரில் உள்ள ஆதிநாதர் சமணக் கோயில் அந்தப் பழமைக்குச் சான்று. ஆங்கிலேயர் ஆட்சியில், 1870களில், புழல் ஏரி சென்னையின் குடிநீர்த் தேக்கமாக விரிவாக்கப்பட்டது. இன்று அதன் முழுக் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. கொல்கத்தா நோக்கிச் செல்லும் ஜி.என்.டி. சாலை ஊரின் நடுவே போகிறது. அந்தச் சாலையை ஒட்டிச் செங்குன்றத்தின் அரிசி ஆலைகள், மாதவரம் பக்கத்துக் கிடங்குகள், லாரி நிறுத்தங்கள் வளர்ந்தன. 2011-இல் புழல் பேரூராட்சி சென்னை மாநகராட்சியுடன் இணைந்து மாதவரம் மண்டலத்தின் பகுதியானது.

புழல் என்ற பெயரைக் கேட்டதும் தமிழ்நாட்டில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது சிறைச்சாலை. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே 1837-இல் கட்டப்பட்ட மத்தியச் சிறை நெரிசல் தாங்காமல் 2006-இல் புழலுக்கு மாற்றப்பட்டது. பழைய கட்டடம் 2009-இல் இடிக்கப்பட்டு, நிலம் சென்னை மருத்துவக் கல்லூரியின் விரிவாக்கத்துக்குப் போனது. புழலில் தண்டனைக் கைதிகளுக்கு ஒன்று, விசாரணைக் கைதிகளுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என மூன்று சிறைகள் உள்ளன. அதே புழலில், காவாங்கரையில், இலங்கையிலிருந்து உயிர் தப்பி வந்தவர்களுக்கான முகாமும் இருக்கிறது.

பதற்றம் எங்கே போய் நின்றது

சென்னையில் மனநோய்க்கான தனி விடுதி 1794-இல் தொடங்கியது. அறுவை மருத்துவர் வாலன்டைன் கோனலி அதை நடத்தினார். 1871-இல் அந்தப் பணி கீழ்ப்பாக்கத்தில் லோகாக் தோட்டம் என்று அழைக்கப்பட்ட இடத்துக்கு மாறியது. 1922-இல் அது அரசு மனநல மருத்துவமனை என்று பெயர் பெற்றது. புழலிலிருந்து பேருந்தில் போய்வரும் தொலைவில்தான் கீழ்ப்பாக்கம் இருக்கிறது. ஆனாலும் நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்த மதிலுக்குள் போனவர்கள் கடும் மனநோயாளிகள் மட்டுமே. பதற்றத்தால் தவித்தவர் அங்கே போகவில்லை. போனால் ஊர் என்ன பெயர் வைக்கும் என்ற அச்சம் நோயைவிடப் பெரியதாக இருந்தது.

பதற்றம் உடம்பின் மொழியில்தான் முதலில் பேசும். நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, கை கால் நடுங்குகிறது, தலை சுற்றுகிறது என்றுதான் நோயாளி சொல்வார். அதனால் அவர் முதலில் போனது பொது மருத்துவரிடம். இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, இதயத்தில் ஒன்றுமில்லை என்று அனுப்பி வைத்தார்கள். பிறகு வேப்பிலை அடிப்பது, கயிறு கட்டுவது, தர்காவில் தங்குவது என்று குடும்பம் அலைந்தது. வழிபாட்டிடங்கள் ஆறுதல் தந்தன. கூடவே இருப்பதற்கு மனிதர்களையும் தந்தன. ஆனால் மருத்துவம் இல்லாத காப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடி காட்டியது. தர்காவை அடுத்திருந்த தனியார் காப்பகம் ஒன்றில் பற்றிய தீயில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் உயிரிழந்தனர். மனநலச் சேவையை நகரத்து மருத்துவமனையிலிருந்து மக்கள் வாழும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற குரல் அதன் பிறகு தமிழ்நாட்டில் வலுத்தது.

வட்டமாக உட்காரும் மருத்துவம்

குழுவாக உட்காரவைத்துச் சிகிச்சை தருவதன் தொடக்கம் காசநோயில் இருக்கிறது. 1905-இல் பாஸ்டன் நகரத்து மருத்துவர் ஜோசப் பிராட், மருத்துவ விடுதியில் சேரப் பணமில்லாத ஏழைக் காசநோயாளிகளை வாரம் ஒரு முறை ஒன்றுசேர்த்து, ஓய்வு, உணவு, எடை பற்றி வகுப்பு எடுத்தார். வகுப்பில் சொன்ன பாடத்தோடு, ஒருவரையொருவர் பார்த்துப் பெற்ற தெம்பும் அவர்களைத் தேற்றியது என்பதை அவர் கவனித்தார். 1930-இல் அதே நகரில், உடம்பில் நோய் இல்லாமல் உடல் உபாதைகளோடு வந்த பதற்றக்காரர்களுக்காகத் தனி வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். 1932-இல் ஜேக்கப் மொரேனோ இந்த முறைக்குக் குழுச் சிகிச்சை என்று பெயர் வைத்தார். இரண்டாம் உலகப் போரின்போது, பர்மிங்ஹாம் அருகே நார்த்ஃபீல்டு ராணுவ மருத்துவமனையில் வில்ஃப்ரெட் பையனும் எஸ்.எச். ஃபூல்க்ஸும் போரில் மனம் உடைந்த வீரர்களைக் குழுக்களாக நடத்தினார்கள். குறைவான மருத்துவர்கள், நிறைய நோயாளிகள் என்ற நெருக்கடிதான் இந்த எல்லா இடங்களிலும் முறையைப் பிறப்பித்தது.

இந்தியாவிலும் காரணம் அதேதான். அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர் 1950களில் நோயாளிகளின் குடும்பத்தாரை வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கவைத்தார். நோயாளிகளும் உறவினர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள். வீடு திரும்பியபின் நோயாளியை எப்படி நடத்துவது என்று குடும்பம் அங்கேயே கற்றுக்கொண்டது. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையமும், நோயாளியோடு உறவினர் தங்குவதையே தன் வழக்கமாக்கியது. அம்மா, அண்ணன், மாமியார் என்று யாராவது உடன் வராமல் மருத்துவமனைக்குப் போகாத சமூகத்தில் இது இயல்பாகவே வேர்பிடித்தது.

சென்னையில் கீழ்ப்பாக்கத்தின் கதவைத் திறந்தவர் மருத்துவர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவரான அவர் 1961 முதல் 1978 வரை அந்த மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்தார். பூட்டிவைக்கும் இடம் என்ற நிலையிலிருந்து வெளிநோயாளிகளும் தொழிற்பயிற்சியும் உள்ள இடமாக அது மாறியதில் அவர் பங்கு பெரியது. 1984-இல் அவர் நிறுவிய ஸ்கார்ஃப், அதாவது மனச்சிதைவு ஆராய்ச்சி அறக்கட்டளை, நோயாளிகளையும் குடும்பங்களையும் குழுக்களாகச் சந்தித்தது. குழுச் சிகிச்சையைச் சென்னையின் சாதாரண மக்கள் அறிந்ததில் குடிநோய்ச் சிகிச்சைக்கும் பங்கு உண்டு. 1980-இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, குடிநோயாளிகளுக்கும் அவர்கள் மனைவியருக்கும் குழு அமர்வுகளை அன்றாட நடைமுறையாக்கியது. 1989 முதல் மஞ்சக்குடி போன்ற கிராமங்களில் முகாம் போட்டும் அந்தச் சிகிச்சையை நடத்தியது. தன் குறையைப் பிறர் முன்னால் சொல்வது மானக்கேடு என்று வளர்ந்த மனிதர்கள், அதைச் சொன்ன பிறகும் மதிக்கப்படலாம் என்பதை அங்கே கண்டார்கள்.

பதற்றத்துக்கான குழு எப்படி வேலை செய்கிறது

பதற்ற நோய்க்குத் தனியாக வடிவமைக்கப்பட்ட குழு 1980களில் உருவானது. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஹைம்பெர்க், பிறர் முன்னால் பேசவும் பழகவும் அஞ்சுபவர்களுக்காக 12 வாரத் திட்டம் ஒன்றை வகுத்தார். ஏறக்குறைய 6 பேர், 2 சிகிச்சையாளர்கள், ஒவ்வோர் அமர்வும் இரண்டரை மணி நேரம். தப்பாகப் பேசிவிட்டால் எல்லோரும் சிரிப்பார்கள் என்பது போன்ற எண்ணத்தை முதலில் பிடித்து, அது எவ்வளவு உண்மை என்று ஆராய்வார்கள். பிறகு அந்தச் சூழ்நிலையைக் குழுவுக்குள்ளேயே நடித்துப் பார்ப்பார்கள். அதன் பிறகு வெளியே போய்ச் செய்துவர வீட்டுப்பாடம் கொடுப்பார்கள். 1990-இல் வெளியான ஒப்பீட்டில், அறிவுரையும் ஆதரவும் மட்டும் தந்த குழுவைவிட இந்தப் பயிற்சி தந்த குழு அதிகம் தேறியது. சி.பி.டி. என்று மருத்துவர்கள் சுருக்கிச் சொல்லும் இந்த எண்ண–நடத்தைச் சிகிச்சையே பின்னர் திடீர்ப் பீதி, ஓயாத கவலை ஆகியவற்றுக்கான குழுக்களுக்கும் அடிப்படையானது.

இந்தக் குழுக்களில் இரண்டு ஆற்றல்கள் சேர்ந்து இயங்குகின்றன. ஒன்று, பயிற்சி: பயப்படும் சூழ்நிலையைத் தவிர்க்காமல் படிப்படியாக எதிர்கொள்வது. மற்றொன்று, துணை: இந்தப் படபடப்பு எனக்கு மட்டும் இல்லை என்று கண்ணால் பார்ப்பது. குழுச் சிகிச்சை எதனால் பலன் தருகிறது என்பதற்கு இர்வின் யாலோம் பட்டியலிட்ட 11 காரணிகளில் நம்பிக்கையும் இந்தப் பொதுமை உணர்வும் முன்வரிசையில் நிற்கின்றன. வாரா வாரம் வரும் ஒருவர் தேறுவதைப் பார்த்தால், தானும் தேறலாம் என்ற எண்ணம் பிறக்கிறது. தன்னைவிடப் புதிதாக வந்தவருக்கு ஒரு வார்த்தை சொல்லும்போது, தான் நோயாளி மட்டும் இல்லை என்பதும் தெரிகிறது.

குழுவுக்கு எல்லையும் உண்டு. பிரிட்டனின் நைஸ் நிறுவனம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சமூகப் பதற்றத்துக்குத் தனிநபர் சிகிச்சையையே முதலில் பரிந்துரைக்கிறது. ஆனால் 1 லட்சம் பேருக்கு 1 மனநல மருத்துவர்கூட இல்லாத இந்தியாவில், ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்குத் தர முடிகிற சிகிச்சையை ஒதுக்க முடியாது. 2017-இல் நாட்டில் ஏறத்தாழ 4.5 கோடிப் பேருக்குப் பதற்ற நோய் இருந்ததாக, 2020-இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் அச்சான இந்திய ஆய்வு மதிப்பிட்டது. இவ்வளவு பேரையும் ஒவ்வொருவராக உட்காரவைத்துப் பேச ஆட்கள் இல்லை.

முகாமில் உருவான வட்டங்கள்

இலங்கையில் நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஈழத்தமிழர்கள் தமிழ்நாட்டுக்குப் பெருமளவில் வந்தார்கள். குண்டுச் சத்தமும் இழப்பும் கடல் பயணமும் விட்டுச்சென்ற பயம் அவர்களோடு முகாமுக்கு வந்தது. 1984-இல் எஸ்.சி. சந்திரஹாசன் நிறுவிய ஈழ ஏதிலியர் கழகம், முகாம்களில் வாழ்பவர்களையே ஆசிரியர்களாகவும் நலப் பணியாளர்களாகவும் ஆற்றுப்படுத்துநர்களாகவும் பயிற்றுவித்தது. கேட்பவரும் சொல்பவரும் ஒரே துயரத்தைக் கடந்துவந்தவர்கள் என்பதே அந்தப் பேச்சுக்கு வலு.

கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்தில் இதே சிந்தனை மருத்துவ வடிவம் பெற்றது. மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போர் ஒவ்வொருவரின் மனத்தை மட்டுமின்றி, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்று வாதிட்டார். ஆகவே தேற்றுவதும் கூட்டாக நடக்க வேண்டும் என்றார். 1987 முதல் இயங்கும் சாந்திகம் போன்ற அமைப்புகளின் வழியே ஆற்றுப்படுத்துநர்கள் பயிற்சி பெற்றார்கள். மூச்சுப் பயிற்சி, தசைத் தளர்வு ஆகியவற்றோடு, அவரவர் சமயத்துக்கு ஏற்ற செபமும் தியானமும் பதற்றத்தைத் தணிக்கும் வழிகளாகச் சேர்க்கப்பட்டன. மக்கள் ஏற்கெனவே அறிந்த வடிவத்தில் சிகிச்சை வந்ததால், அதற்கு வருவது அவமானமாகத் தோன்றவில்லை.

சென்னையில் 1986-இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ஸ்நேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் அனுபவமும் முகாம்களுக்குப் பயன்பட்டது. அவர் குழு தமிழ்நாட்டின் இரண்டு ஈழத்தமிழர் முகாம்களை ஒப்பிட்டு நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், முகாமில் பயிற்சி பெற்ற தொண்டர்கள் ஆபத்தில் இருந்தவர்களைத் தொடர்ந்து நேரில் போய்ச் சந்தித்தார்கள். நெருக்கடி வந்தால் என்ன செய்வது, யாரை அழைப்பது என்பதை அட்டையில் எழுதிவைக்க உதவினார்கள். அப்படிச் செய்த முகாமில் தற்கொலை முயற்சிகள் குறைந்தன. வாசலில் வந்து நின்று பெயர் சொல்லி விசாரிக்கும் ஒருவரின் வருகைக்கு மருத்துவ மதிப்பு உண்டு என்பதை அது காட்டியது.

திரை வந்த வழி

திரை வழிச் சிகிச்சையின் முதல் பெரிய முயற்சியே குழுச் சிகிச்சையையும் சேர்த்துக்கொண்டது. 1959-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மனநல நிறுவனத்தில் சிசில் விட்சன் இருவழித் தொலைக்காட்சியை நிறுவினார். மருத்துவர் ஓர் அறையிலும் குழு இன்னோர் அறையிலும் இருந்தன. அவரும் சக ஆய்வாளர்களும் 1961-இல் வெளியிட்ட முடிவில், தொலைக்காட்சி வழியாக நடந்த குழுவுக்கும் நேரில் நடந்த குழுவுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. 1964-இல் அந்த இணைப்பு 112 மைல் தொலைவில் இருந்த நார்ஃபோக் அரசு மருத்துவமனை வரை நீண்டது. மனநல மருத்துவர் கிடைக்காத ஊருக்கு மருத்துவரைக் கொண்டுபோவதே அதன் நோக்கம். இந்த முதல் வடிவத்தில் நோயாளிகள் ஒரே அறையில்தான் இருந்தார்கள் என்பது முக்கியம். திரையில் இருந்தவர் மருத்துவர் மட்டுமே.

தமிழ்நாட்டுக்குத் தொலை மனநல மருத்துவம் வந்தது ஒரு பேரிடரின் பின்னால். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை எண்ணூர், திருவொற்றியூர், காசிமேடு, ராயபுரம் கரைகளையும் நாகப்பட்டினம், கடலூர் கரைகளையும் தாக்கியது. கடலைப் பார்க்கவே அஞ்சிய மீனவர்களுக்கும், இரவில் உறங்காத குழந்தைகளுக்கும் தற்காலிகக் குடியிருப்புகளிலேயே குழுக்களாகப் பேச்சும் விளையாட்டும் நடந்தன. கரையோர மாவட்டங்களுக்கு மனநல மருத்துவர்களை அடிக்கடி அனுப்ப முடியாத நிலையில், ஸ்கார்ஃப் சென்னையிலிருந்து வீடியோ வழி ஆலோசனையைத் தொடங்கியது. 2010-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அதன் பேருந்து ஓடத் தொடங்கியது. ஆலோசனை அறையும் மருந்தகமும் அந்தப் பேருந்துக்குள் இருந்தன. நோயாளி உள்ளே உட்கார்ந்து சென்னை மருத்துவரிடம் திரையில் பேசினார். மருந்தைக் கையோடு வாங்கிப் போனார். கருவியை இயக்கவும், கூட வந்தவரிடம் விளக்கவும், அடுத்த முறை வராதவரைத் தேடிப் போகவும் ஊர்க்காரர் ஒருவர் இருந்தார். திரை தனியாக எதையும் சாதிக்கவில்லை. அதன் பக்கத்தில் ஒரு மனிதர் நின்றார்.

ஆய்வுகள் கண்டது

நேரிலும் திரையிலும் நடக்கும் குழுக்களைத் துல்லியமாக ஒப்பிடும் ஆய்வுகள் இந்த நூற்றாண்டில் வந்தன. ஹவாய்த் தீவுகளில் லெஸ்லி மோர்லண்டு தலைமையில், போரின் பாதிப்போடு வாழ்ந்த 125 முன்னாள் படைவீரர்களைச் சீட்டுப் போட்டுப் பிரிப்பது போல இரு தரப்பாகப் பிரித்தார்கள். கோபத்தைக் கட்டுப்படுத்தும் குழுப் பயிற்சியை ஒரு தரப்பு நேரிலும், மறு தரப்பு வீடியோ வழியாகவும் பெற்றது. 2010-இல் வெளியான முடிவின்படி, வீடியோ வழிப் பயிற்சி நேர்ப் பயிற்சிக்குக் குறைந்ததாக இல்லை. ஆனால் அதே தரவுகளை மறுபடி அலசியபோது, வீடியோ தரப்பினருக்குக் குழுத் தலைவரோடு ஏற்பட்ட நெருக்கம் சற்றுக் குறைவு என்பது தெரியவந்தது.

பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்குமான குழுவை நேரடியாக ஒப்பிட்ட முன்னோட்ட ஆய்வு ஒன்று 2014-இல் கனடாவிலிருந்து வெளியானது. 18 பேர் மட்டுமே கலந்துகொண்ட அந்தச் சிறு ஆய்விலும், எண்ண–நடத்தைச் சிகிச்சையை நேரில் பெற்றவர்களும் அவரவர் கணினி வழியாகப் பெற்றவர்களும் ஒத்த அளவில் தேறினார்கள். ஆகவே திரை வழிக் குழு வேலை செய்யுமா என்ற கேள்விக்கு ஆம் என்பதே பதில். நோய்க்குறிகள் குறைவதில் பெரிய இழப்பு இல்லை; உறவு இறுகுவதில் கொஞ்சம் இழப்பு இருக்கலாம். இந்த ஆய்வுகளில் சேர்ந்தவர்களுக்கு நல்ல இணைப்பும் பேசுவதற்கு ஓர் இடமும் இருந்தன. அவை இல்லாதவர்கள் இந்தக் கணக்கில் இடம்பெறவில்லை.

2020: எல்லோரும் திரைக்குள்

2020 மார்ச் 25-ஆம் தேதி நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. அதே நாளில் இந்திய அரசின் தொலை மருத்துவ வழிகாட்டுதலும் வெளியானது. சில வாரங்களில் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம், இந்திய மனநல மருத்துவர் சங்கம், இந்தியத் தொலை மருத்துவச் சங்கம் ஆகியவை சேர்ந்து மனநலத்துக்கான தனி நடைமுறைகளை வகுத்தன. அதுவரை மருத்துவர் தொலைவில், நோயாளிகள் ஓரிடத்தில் என்றிருந்த வடிவம் மாறி, ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில், தத்தம் கைபேசியில் என்றானது. குடிநோயாளிகளின் தற்சார்புக் குழுக்கள் பலவும் வீடியோ கூட்டங்களுக்கு மாறின.

புழல் சிறையில் திரைக்கு வேறொரு வரலாறு இருக்கிறது. கைதிகள் அதை முதலில் அறிந்தது, காவலை நீட்டிக்க நீதிபதி முன் வீடியோ வழியாக நிற்கவைக்கப்பட்டபோது. 2020-இல் உறவினர்களின் நேர்ச் சந்திப்புகள் நிறுத்தப்பட்டதும், தமிழ்நாட்டுச் சிறைகளில் குடும்பத்தோடு வீடியோவில் பேச அனுமதி வந்தது. மாதக்கணக்கில் பிள்ளையின் முகம் பார்க்காதவருக்கு அது பெரிய ஆறுதல். காவலை நீட்டிக்கும் திரையாகப் பழகியது, அன்பைக் கொண்டுவரும் திரையாகவும் ஆனது.

2022 அக்டோபரில் 14416 என்ற எண்ணோடு டெலி மானஸ் என்ற மனநலத் தொலைபேசி உதவிச் சேவை தேசிய அளவில் தொடங்கியது. தமிழ்நாட்டில் அது ‘நட்புடன் உங்களோடு மனநல சேவை’ என்ற பெயரில் இயங்குகிறது. 2024 அக்டோபரில் வீடியோ ஆலோசனையும் சேர்க்கப்பட்டபோது முதலில் தொடங்கிய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. நள்ளிரவில் மூச்சு முட்டும்போது கூப்பிட ஓர் எண் இருப்பது பெரிய மாற்றம். எனினும் இது ஒருவருக்கு ஒருவர் தரும் உதவி. குழுவின் பணியை இது செய்வதில்லை.

எந்தப் பயத்துக்கு எந்த முறை

பயத்தின் வகையைப் பொறுத்து இரு முறைகளின் பலமும் மாறுகிறது. பேருந்திலோ கூட்டத்திலோ திடீர்ப் பீதி வந்துவிடும் என்று வீட்டிலேயே முடங்கியவருக்கு, குழு நடக்கும் இடத்துக்குப் போவதே சிகிச்சையின் ஒரு பகுதி. புழலில் பேருந்து ஏறிக் கீழ்ப்பாக்கத்தில் இறங்கினாலே அன்றைய பயிற்சியில் பாதி முடிந்துவிடும். ஆனால் வாசலைத் தாண்டவே முடியாத முதல் மாதத்தில் திரைதான் அவரைச் சென்றடையும். ஆகவே அவருக்குத் திரையில் தொடங்கி நேரில் முடிப்பதே பொருந்தும்.

பிறர் முன்னால் கூசுபவருக்குக் கணக்கு வேறு. டேவிட் கிளார்க்கும் ஏட்ரியன் வெல்ஸும் 1995-இல் முன்வைத்த விளக்கப்படி, இவர்களின் கவனம் எதிரில் இருப்பவர் மேல் நிற்காமல், தான் எப்படித் தெரிகிறோம் என்பதையே சுற்றிக்கொண்டிருக்கும். வீடியோ கூட்டத்தில் தன் முகமே மூலையில் தெரியும்போது அந்தப் பழக்கம் இன்னும் கூடும். கேமராவை அணைத்துவிட்டால் தப்பித்தலாகிவிடும். அதனால் தன் படத்தை மட்டும் மறைத்துக்கொண்டு கேமராவைத் திறந்து வைக்கச் சொல்வது நல்ல வழி. நேர்க் குழுவிலோ ஐந்தாறு பேர் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் பயிற்சிதான்.

ஓயாத கவலைக்கு மூச்சுப் பயிற்சி, கவலைப்பட ஒரு நேரம் ஒதுக்குதல், எண்ணங்களை எழுதிப் பார்த்தல் ஆகியவை கற்றுத் தரப்படுகின்றன. இவற்றைத் திரையிலும் ஏறக்குறைய முழுமையாகக் கற்பிக்கலாம். போரும் பேரிடரும் தந்த பயத்துக்கு, நினைவு பெருகி ஒருவர் உடைந்துபோகும் நேரத்தில் பக்கத்தில் ஆள் வேண்டும். பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று இணைப்பிலிருந்து போய்விட்டால், அவர் அழுகிறாரா, சிக்னல் போனதா என்று சிகிச்சையாளருக்குத் தெரியாது. அதனால் திரைக் குழு தொடங்கும் முன்பே ஒவ்வொருவரும் எங்கே இருக்கிறார், அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று குறித்துக்கொள்வது கட்டாயமாகிறது.

புழலின் மூன்று தரப்புகள்

இரு முறைகளுக்கும் பொதுவான உயிர்நாடி இரகசியம். குழுவில் பேசியது குழுவோடு நிற்கும் என்ற உறுதி இல்லாமல் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். நேரில் கூடும்போது கதவைச் சாத்தினால் அந்த உறுதி ஓரளவு கிடைக்கும். திரையில் அது ஒவ்வொருவரின் வீட்டுச் சுவரையும் நம்பியிருக்கிறது. பத்தடிக்குப் பத்தடி முகாம் வீட்டில், மாமியாரும் பிள்ளைகளும் ஒரே அறையில் இருக்கும்போது, ஒரு பெண் தன் கணவரைப் பற்றிய பயத்தைக் கைபேசியில் எப்படிச் சொல்வார்? ஒரே கைபேசியைக் குடும்பமே பகிர்ந்துகொள்ளும் வீட்டில் மாலை 6 மணி அமர்வுக்கு அது யார் கையில் இருக்கும்? காவாங்கரை போன்ற இடத்துக்கு, முகாமிலேயே கதவு சாத்தக்கூடிய ஒரு பொது அறையும், பயிற்சி பெற்ற முகாம்வாசி ஒருவரும், தேவையான நாளில் திரையில் வரும் மருத்துவரும் சேர்வதே பொருந்தும். நெப்ராஸ்காவின் முதல் வடிவமும் புதுக்கோட்டைப் பேருந்தும் காட்டிய வழி இதுதான்.

சிறையில் நிலைமை தலைகீழ். அங்கே கூடுவதற்கு ஆட்களைத் தேட வேண்டியதில்லை. மருத்துவர்தான் மதிலுக்கு வெளியே இருக்கிறார். 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 103-ஆம் பிரிவு, ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவில் மனநல நிலையம் அமைய வேண்டும் என்கிறது. தண்டனைக் கைதிகள் ஆண்டுக்கணக்கில் இருப்பதால் தொடங்கியவர்களே முடிக்கும் 12 வாரக் குழு அவர்களுக்குச் சாத்தியம். விசாரணைக் கைதிகளில் இன்று இருப்பவர் நாளை ஜாமீனில் போய்விடுவார். அவர்களுக்கு ஒவ்வோர் அமர்வும் தன்னளவில் முழுமையாக இருக்கும் திறந்த குழு வேண்டும். விடுதலையானவர் வெளியே போனபின் அதே சிகிச்சையாளரைத் திரையில் தொடர முடிந்தால், சிறையில் தொடங்கிய சிகிச்சை வாசலோடு அறுந்துபோகாது. கண்காணிப்பு நிறைந்த இடத்தில் பேசியது அதிகாரிக்குப் போகுமோ என்ற அச்சம் இயல்பு. ஆகவே குழுவை நடத்துபவர் சிறை நிர்வாகத்தின் ஆள் இல்லை என்பது எல்லோருக்கும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆலையிலும் கிடங்கிலும் வேலை பார்ப்பவருக்கு நேரமே தடை. பகல் வெளிநோயாளிப் பிரிவுக்கு வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். இவர்களுக்கு இரவு 8 மணித் திரைக் குழு உண்மையான வாய்ப்பு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அருகிலுள்ள ஆரம்பச் சுகாதார நிலையத்தில் நேரில் கூடினால், திரையில் குறையும் நெருக்கத்தை அது ஈடுசெய்யும். வடமாநிலத் தொழிலாளர்கள் நிறைந்த செங்குன்றம் பக்கத்தில் மொழியும் கணக்கில் வரும். தமிழ் அறியாதவருக்கு அவர் மொழி பேசும் சிகிச்சையாளரைப் பக்கத்து ஊரில் தேடுவதைவிடத் திரையில் தேடுவது எளிது.

நூறாண்டு வரலாற்றில் குழுச் சிகிச்சை ஒவ்வொரு முறையும் இடம் மாறியது, அதுவரை எட்டாதவர்களை எட்டுவதற்காகத்தான். பிராட் ஏழைக் காசநோயாளிகளை எட்டினார். வித்யா சாகர் குடும்பங்களை எட்டினார். ஸ்கார்ஃப் கரையோரத்தையும் புதுக்கோட்டைக் கிராமங்களையும் எட்டியது. நோயைக் குறைப்பதில் திரையும் நேர்க் கூட்டமும் ஏறக்குறைய சமம் என்று ஆய்வுகள் சொல்லிவிட்டன. இனி ஒரு முறையைத் தேர்வதற்கு முன் கேட்க வேண்டியவை மூன்று: இவரால் வர முடியுமா, இவருக்குப் பேச இடம் இருக்கிறதா, இவர் உடைந்தால் பக்கத்தில் யார் இருப்பார். கைதிக்கும் அகதிக்கும் கூலித் தொழிலாளிக்கும் இந்த மூன்றுக்கான பதில்கள் வேறு வேறு. அதனால் மூவரும் வாழும் புழல் போன்ற ஊருக்கு ஒரே முறை போதாது; நேர்க் கூட்டமும் திரையும் கலந்த சேவையே அந்த ஊர் மக்கள் எல்லோரையும் எட்டும்.